அச்சு நின்றால் அசைவு தெரியும்

வெப்பப் பரவல் சமன்பாட்டைத் தீர்த்து, காலப்படிதோறும் விடையைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டும் நிரலை நம்மில் பலர் மாணவப் பருவத்திலேயே எழுதியிருப்போம். தொடக்க வளைவு அரைச் சைன் அலை, நீளம் 1, பரவல் கெழு 1, இரு முனையிலும் பூஜ்யம் என்று கொள்வோம். காலம் 0.5 ஆகும்போது உச்சத்தின் உயரம் தொடக்கத்தில் இருந்ததில் ஒரு விழுக்காடுகூட இராது. ஆனால் மேட்பிளாட்லிப்பில் லூப்புக்குள் அச்சுகளைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்து பாருங்கள். வளைவு அசையவே அசையாது. அது தாழத் தாழ அச்செல்லையும் கூடவே சுருங்குகிறது. மாறுவதெல்லாம் ஓரத்து எண்கள்தாம், அவற்றை யார் படிக்கிறார்கள்? மேட்லேபில் சங்கடம் வேறு மாதிரி. அச்செல்லை ஒரு நல்ல எண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது, இறங்கிக்கொண்டிருக்கும் வளைவு சட்டென்று மேலே துள்ளும்.

படத்தைத் திரும்பத் திரும்ப மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் உடனே வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதற்கான விடை தெரிந்ததே: கோட்டை ஒருமுறை வரைந்து அதன் கைப்பிடியை வைத்துக்கொண்டு, பிறகு தரவை மட்டும் மாற்றுவது. துடைக்காமல் கோட்டின்மேல் கோடு போட்டால், 1,000 படிகளில் மொத்தம் 5,00,500 கோடுகளை மென்பொருள் வரைய வேண்டிவரும். மேட்லேபின் ‘டிராநவ் லிமிட்ரேட்’ 50 மில்லி விநாடிக்குள் வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிவிடுகிறது; கண்ணுக்கு அது போதும். ஜூப்பிட்டரில் படம் மினுங்கினால், அடுத்த படம் வரும்வரை பழையதை அழிக்காமல் காத்திருக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

வேகம் குறைந்தால் எரிச்சல்தான் வரும். அச்சு ஓடினால் தவறான முடிவுக்கே வந்துவிடுவோம். ஆகவே எல்லையை லூப்புக்கு வெளியே, பார்த்து யோசித்து நிறுத்துங்கள். மேட்பிளாட்லிப்பில் தரவை மட்டும் மாற்றினால் எல்லை தானாக நகராது. வளரும் வளைவு சட்டத்தைத் தாண்டிப் போய்விடும் என்ற குறை உண்டு. போகட்டும், தாண்டியது என்றாவது தெரிகிறதே.

இனி இதழுக்கு அசைபடம் அனுப்புவோர் அச்செல்லை நிலையானதா, நகர்வதா என்பதைப் படவிளக்கத்தில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மதிப்பு பல பத்து மடங்கு சரியும் இடங்களில் நிலையான நேரியல் அச்சும் உதவாது. அங்கே மடக்கை அச்சைப் போடலாம். நம் சைன் வளைவு அதில் உருக்குலையாமல் சீரான வேகத்தில் கீழே இறங்கும்.