அம்மா பார்க்காத படம்

போன வருஷம் பூப்பறிக்கிற நோம்பிக்குக் கிணத்துக்கடவு பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 73 வயதிலும் அம்மா கும்மி வட்டத்தில் நின்று கை தட்டிப் பாட, செல்போனில் படம் பிடித்தேன். மதுக்கரைக்கு பஸ் ஏறுவதற்குள் பேஸ்புக்கில் போட்டாச்சு. ராத்திரிக்குள் 140 லைக்! சோறு வடிக்கும்போதுகூட ஒரு கண் போன் மேல்தான். 'நாத்தனார் மட்டும் லைக் போடலையே' என்று மனத்தாங்கல் வேறு.

மாசியில் மறுபடி போனபோது அம்மா கேட்டாள்: "ஏன் அம்மிணி, அன்னிக்கு என்னையப் படம் புடிச்சியே, எனக்குக் காட்டவே இல்லையே?"

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஊரெல்லாம் பார்த்த படத்தை, படத்தில் இருப்பவள் பார்க்கவில்லை! எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து நீட்டினேன். கண்ணில் புரை அவளுக்கு. "மசமசன்னு இருக்குது சாமி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றோடு பேஸ்புக்கை விட்டேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் நிறுத்தினேன். 24 மணி நேரத்தில் மறைந்து போகிற சமாச்சாரம்தானே அது?

அப்பாவிடம் அக்பா கிளிக் 3 காமிரா இருந்தது. ரோலுக்கு 12 படம்தான். ஊட்டி தொழிற்சாலையில் 1967 முதல் தயாரான 'இந்து' பிலிம் வாங்கிப் போடுவார். ரோல் தீர்ந்து, ஸ்டுடியோவில் கழுவி வர மாசக்கணக்காகும். வந்த அன்று வீடே கூடி உட்கார்ந்து பார்ப்போம். அந்த நிதானத்தைத்தான் திரும்பப் பிடித்திருக்கிறேன்.

என் வழக்கம் இதுதான்:

மாசக் கடைசியில் எடுத்ததில் 3 படம் மட்டும் பொறுக்குவேன். ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். 4க்கு 6 அளவு போதும். கண் மங்கினவர்களுக்கு இன்னும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

படத்தின் பின்னால் ஓரமாகப் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், ஜாக்கிரதை.

மடங்காமலிருக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வைத்து, நாலு வரிக் கடுதாசியோடு கவரில் போடுங்கள். 20 கிராம் வரை 5 ரூபாய் தபால் தலைதான். தபாலாபீஸில் நிறுத்துக் கொள்ளுங்கள்.

பங்குனியில் கும்மிப் படத்தைப் பெரிதாகப் போட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள்:

"கண்ணு, படத்தில் எனக்குப் பின்னாலே நிக்கிறது நம்ம வளவுப் பெரியம்மா. போன வாரம் போய்ச் சேர்ந்துட்டா. அவ மகன்கிட்ட வேற படமே இல்லையாம். ஒண்ணு போட்டு அனுப்பு."

அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போனேன். 140 பேர் பார்த்த படம்தான். பெரியம்மாவைப் பார்த்தது அம்மா ஒருத்திதான்.

இந்த மாசம் நீங்களும் ஒரே ஒரு படம் போட்டு அனுப்பிப் பாருங்கள். முதல் பிரதி, படத்தில் இருப்பவருக்கே போகட்டும்.