மீற்றரை மட்டும் நம்பலாமா?

படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றப் பழைய 'பட்டா' வாங்குவதற்காக நகையை அடகு வைக்கின்றோம். விற்பவர் மீற்றரைக் காட்டி, "குறைவாகத்தான் ஓடியது" என்கிறார். மீற்றரைப் பின்னுக்குத் திருப்ப முடியும். ஆனால் முகவரான டிமோவிடம் சேர்விஸ் செய்திருந்தால், திகதியும் ஓடிய கிலோமீற்றரும் அங்கே பதிவாகியிருக்கும்.

முதலில், பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் வண்டியில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றுதானா எனப் பார்ப்போம். பின் விற்பவரையும் அழைத்துச் சென்று, சேர்விஸ் பதிவைக் கேட்போம். பிந்திய திகதியில் கிலோமீற்றர் குறைந்திருந்தால், மீற்றர் திருப்பப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும். பதிவு இடையில் நின்றிருந்தால், அதன்பின் எந்தக் கராஜில் திருத்தினார்கள் என விசாரிப்போம்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவன்று. பலமுறை இடம்பெயர்ந்து யாவையும் இழந்த நாம் இன்னோர் இழப்பைத் தாங்க மாட்டோம். பதிவைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.