நாற்பது டிகிரியில் எத்தனை குதிரை?

கார் ஷோரூமில் கொடுக்கிற வழவழப்பான புத்தகத்தில் 'இத்தனை குதிரைத்திறன்' என்று கொட்டை எழுத்தில் ஒரு எண் இருக்கும். எந்த வெயிலில் அத்தனை குதிரை என்று மட்டும் எங்கேயும் இருக்காது. இதில் எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆதங்கம். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? இங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. அதற்கு முன்னாலேயே மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மேற்கே திரும்பினால் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கிழக்கே ஓ.எம்.ஆர். பக்கம் பையனூரில் டர்போ செய்கிற டர்போ எனர்ஜி கம்பெனி. கார் பிறக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அந்தக் காரின் ஜாதகத்தை மட்டும் குளிர் தேசத்துப் பஞ்சாங்கத்தில் கணித்துத் தருகிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

உலகம் முழுவதும் இன்ஜின் சக்தியை அளக்கும் விதிகள் 25 டிகிரி செல்சியஸ் காற்றை அடிப்படையாக வைத்திருக்கின்றன. சோதனை அறை அதைவிடச் சூடாக இருந்தாலும் கணக்குப் போட்டு 25-க்குக் கொண்டுவந்து விடுவார்கள். சென்னையில் 25 டிகிரி என்பது மார்கழி மாதத்துக் காலை எட்டு மணி. மே மாதம் பிற்பகலில் இரும்புலியூர் பாலத்தடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது பேனட்டுக்குள் போகிற காற்று 25 டிகிரியா? 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை நம் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வானிலை ஆபீசில் நிழலில் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் சொன்னது. தார் ரோட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிற ரேடியேட்டரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

சூடான காற்று இளைத்த காற்று. 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குப் போனால் அதே பாத்திரத்தில் பிடிக்கிற காற்றின் எடை ஐந்து சதவீதத்துக்குமேல் குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரிக்கிற பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும். இது அம்பாசடருக்கும் பொருந்தும், மாருதி 800-க்கும் பொருந்தும். ஐந்து சதவீதம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். சூப்பர்சார்ஜர் வைத்த கார்களில்தான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது.

சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. பத்து தடவை அழுத்தியதும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான். சூப்பர்சார்ஜர் செய்வதும் அதே வேலை. இன்ஜினே ஒரு பெல்ட் மூலம் ஒரு காற்றடிக்கும் கருவியைச் சுற்றி, தான் சாதாரணமாக மூச்சு இழுப்பதைவிட அதிகக் காற்றைத் தனக்குள் திணித்துக்கொள்கிறது. (டர்போ என்றால் பெல்ட்டுக்குப் பதில் புகைபோக்கிக் காற்று சுற்றும்; மற்றபடி சூட்டுக் கதை ஒன்றுதான்.) பத்து பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அமுக்கினால், 25 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 90 டிகிரியில் வெளியே வரும். 42 டிகிரியில் உள்ளே போனால் 110-ஐத் தாண்டிவிடும். சக்திக்காகக் காற்றைத் திணிக்கிறோம், திணித்ததாலேயே காற்று சூடாகி இளைக்கிறது.

அதனால்தான் நடுவில் இன்டர்கூலர் என்று ஒன்றை வைக்கிறார்கள். சில கார்களில் வெளிக்காற்று அதைக் குளிர்விக்கும், சிலவற்றில் தண்ணீர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சரி. பெருங்களத்தூரில் இருபது நிமிஷம் நின்றால்? முன்னால் ஏ.சி. கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர், நடுவில் மாட்டிக்கொண்ட இன்டர்கூலர். குளிர்விக்க வேண்டியதே கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கும். உள்ளே போகிற காற்று மிகவும் சூடானால், தீப்பொறி கிளப்பிய சுடர் வந்து சேருவதற்கு முன்னாலேயே மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கப் பார்க்கும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி. அதைத் தடுக்க வண்டியின் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப் போடும், காற்றழுத்தத்தைக் குறைக்கும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய குதிரைகளைக் கம்ப்யூட்டரே லாயத்தில் கட்டிவிடும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை. அது இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

அமெரிக்காவில் இது கோர்ட்டு வரை போன விஷயம். செவர்லே கம்பெனி 2015 மாடலாகக் கார்வெட் இசட்-06 என்று ஒரு காரை விட்டது. 6.2 லிட்டர் இன்ஜின், மேலே ஒரு சூப்பர்சார்ஜர், 650 குதிரை. ரேஸ் டிராக்குக்குத் தயார் என்று விளம்பரம். வாங்கியவர்கள் டிராக்குக்குக் கொண்டுபோனார்கள். சில சுற்றுகளிலேயே சூடு ஏறி, வண்டி தானாகச் சக்தியைக் குறைத்துக்கொண்டு நொண்டுகிறது என்று புகார் கிளம்பியது. 2017 மாடலில் பேனட்டில் பெரிய காற்று வழிகள் வைத்தார்கள். அதே ஆண்டு வாங்கியவர்கள் ஃபுளோரிடாவில் கூட்டாக வழக்குப் போட்டார்கள். இதில் என்னை உட்காரவைத்த விவரம் ஒன்று உண்டு. டிராக்கில் குளிர்விப்புத் திறனுக்குக் கம்பெனி வைத்திருந்த அளவுகோல் 86 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 30 டிகிரி! நம் ஊரில் 30 டிகிரி என்றால் 'இன்னிக்கு வெயில் இல்லை, கிளைமேட் நல்லாயிருக்கு' என்று சொல்லி மெரினாவுக்குக் கிளம்புவார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. டாட்ஜ் ஹெல்கேட் என்ற 707 குதிரைக் காரில், சூப்பர்சார்ஜரைச் சுற்றுவதற்கு மட்டும் உச்சத்தில் 80 குதிரை செலவாகிறது. நம் தெருவில் நிற்கிற ஆல்டோவின் மொத்தச் சக்தியையும்விட அதிகம். அதற்குத் தம்பியாக வந்த டீமன் என்ற காரில், சூப்பர்சார்ஜரைக் குளிர்விக்க ஏ.சி. வாயுவையே திருப்பிவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஏ.சி. இல்லை, இன்ஜினுக்கு ஏ.சி.! மே மாதம் என் வீட்டம்மாவை அந்தக் காரில் உட்காரவைத்துக்கொண்டு இன்ஜினுக்கு ஏ.சி. போட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம்.

நான் வேலை பார்த்தது பொன்மலை டீசல் ஷெட்டில். இந்த ஆதங்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் ரயில்வேயில் பல்லாண்டு காலம் பாரம் இழுத்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜின், ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. பதினாறு சிலிண்டர், தலையில் ஒரு டர்போ சூப்பர்சார்ஜர், அதற்குத் தண்ணீரில் குளிரும் ஆஃப்டர் கூலர். அதன் சக்தி என்ன என்று கேட்டால் எங்கள் புத்தகங்கள் இரண்டு எண் சொல்லும். 2600 குதிரை, சைட் ரேட்டிங் 2430 குதிரை. மீட்டர்கேஜில், விழுப்புரத்துக்குத் தெற்கே நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு போன ஒய்.டி.எம்-4 இன்ஜினுக்கும் அப்படித்தான். 1400 என்று ஒன்று, 1300 என்று ஒன்று. முதல் எண் நல்ல காற்றும் நல்ல குளிர்ச்சியும் இருக்கிற இடத்துக்கு. இரண்டாவது நம் மண்ணுக்கு, நம் வெயிலுக்கு.

இதில் வெட்கப்பட யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. பாரம் எத்தனை ஏற்றலாம், ஏற்றத்தில் என்ன வேகம் வரும் என்பதையெல்லாம் 2600-ஐ நம்பிக் கணக்குப் போட்டால் வண்டி நடுவழியில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ஜின் அளவுக்குமேல் சூடானால் 'ஹாட் இன்ஜின்' மணி அடிக்கும், விளக்கு எரியும், டிரைவர் நாட்ச்சைக் குறைப்பார். ரிப்பேர் முடிந்த இன்ஜினை லோடு பாக்ஸில் வைத்து, உண்மையில் எத்தனை இழுக்கிறது என்று பார்த்துத்தான் வெளியே விடுவோம். சர்க்கார் சமாச்சாரம் என்றாலே மெத்தனம் என்று பேசுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தான் வைத்திருக்கிற இன்ஜின் தன் ஊரில் என்ன செய்யும் என்று எழுதிவைத்த நேர்மை அந்த ஷெட்டில் இருந்தது.

'ஸ்பீடு பைத்தியங்களின் பிரச்சினை, நமக்கென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சேலையூர் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வேலையில் இருக்கிற பையன். எப்போதும் 'அங்கிள்' என்று நின்று பேசிவிட்டுத்தான் போவான். பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினான், சூப்பர்சார்ஜர் வைத்தது. அது போதாதென்று ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டான். 'ரீமேப்' என்கிறார்கள். கடைக்காரர் சக்தி ஏறியதற்கு ஒரு கிராஃப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏ.சி. அறையில், பெரிய விசிறி எதிரே ஓட, ஒரு சில வினாடிகள் எடுத்த கிராஃப். ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா அம்மா மனைவி குழந்தையோடு புதுச்சேரிக்குக் கிளம்பினான். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் நெரிசல், அதற்குப் பிறகு கோவளத்து நெரிசல். ஒரு மணி நேரத்துக்குமேல் ஊர்ந்திருக்கிறார்கள். மாமல்லபுரம் தாண்டி, எதிரும் புதிருமாக வண்டி வருகிற ஒரு இடத்தில் லாரியை முந்த ஏறியிருக்கிறான். பாதி லாரியைத் தாண்டும்போது வண்டி சட்டென்று சோர்ந்துவிட்டது. எதிரே பஸ். பிரேக் அடித்து லாரிக்குப் பின்னாலேயே வந்து ஒளிந்துகொண்டதால் இன்றைக்கும் அவன் அப்பா காலையில் என்னோடு வாக்கிங் வருகிறார். அவர் இதைச் சொல்லும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

பிறகு பிரித்துப் பார்த்ததில் ஒரு பிஸ்டனில் ரிங் உட்காருகிற விளிம்பு உடைந்திருந்தது. பல நாள் நாக்கிங்கில் விண்டுபோயிருக்கும் என்றார் மெக்கானிக். பழுதுக்கு ஆன செலவைக் கேட்டு எனக்கே மயக்கம் வந்தது. ஆனால் நான் கவலைப்படுவது செலவைப் பற்றி அல்ல. முந்துவதற்கு எத்தனை வினாடி ஆகும் என்று அந்தப் பையனின் கால் ஒரு கணக்கு வைத்திருந்தது. அது குளிர்ந்த இன்ஜினில் பழகிய கணக்கு. கொதித்த இன்ஜினில் அந்தக் கணக்கு செல்லாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, கிராஃப் கொடுத்தவரும் சொல்லவில்லை.

இப்போது பத்து லட்ச ரூபாய்க் கார்களிலேயே சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் வந்துவிட்டது. ஒரு லிட்டர் இன்ஜினில் நூறு குதிரைக்குமேல் எடுக்கிறார்கள். கம்பெனிகள் வெயில் ஊர்களில் ஓட்டிப் பார்த்துத்தான் விடுகின்றன. வண்டி நின்றுபோகாது. ஆனால் நின்றுபோகாமல் இருப்பது வேறு, சொன்ன சக்தியைக் கொடுப்பது வேறு. அந்தக் காலத்து அம்பாசடர் வெயிலில் வேப்பர் லாக் ஆகி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு வேப்பமர நிழலில் அரை மணி உட்காருவோம். தொல்லைதான். ஆனால் அது வெளிப்படையான தொல்லை. இப்போதைய வண்டி சத்தமில்லாமல் குறைத்துக்கொள்கிறது. ஏ.சி. ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரிவதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மைலேஜுக்குச் சோதனை வைத்து ஓர் எண் போடுகிறீர்கள், மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடுகிறீர்கள். அதே பக்கத்தில் இன்னொரு எண்ணையும் போடுங்கள். வெளியே 42 டிகிரி, ஏ.சி. ஓடுகிறது, அரை மணி நெரிசலில் ஊர்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால் எத்தனை குதிரை? இதை அளக்க வெளிநாடு போக வேண்டாம். ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெயிலை நாமே இலவசமாகத் தருகிறோம்.

அப்படிப் போட்டால் யார் கார் வாங்குவார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற என் தம்பி மகன் சிரித்தான். எல்லாக் கம்பெனியும் போட்டால் எல்லோருக்கும் ஒரே நிலைதானே என்றேன். அவன் பதில் சொல்லவில்லை, போனில் ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த எண் வருகிற வரைக்கும், உங்கள் பிள்ளையோ பேரனோ டர்போ, சூப்பர்சார்ஜர் என்று பேசிக்கொண்டு வந்தால், மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு டெஸ்ட் டிரைவ் கேட்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குள் வரச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏ.சி.யை முழுக்க வைத்துக் குரோம்பேட்டை சிக்னல் வரை ஊர்ந்துவிட்டு, திரும்பி வந்து பைபாஸில் ஏறி அழுத்திப் பார்க்கட்டும்.