பீதி அடைவது யார்?



நம் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து "சமூகவியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளிக்கிறோம். "பி.காம். படித்தால் கடைக் கணக்காவது பார்க்கலாம். இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறோம். இன்ஜினியரிங் என்றால் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டுவோம். மனிதர்கள் கூடி வாழும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் படிப்பு என்றால் மட்டும் அது வேலையற்றவர்களின் வேலை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்ள மணலி புதுநகரில் வாழ்பவர்களுக்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன: 2015, 2021, 2023. மூன்று ஆண்டுகளிலும் நம் பகுதியில் வெள்ளம் புகுந்தது. பூண்டியில் திறக்கப்படும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளிவாயல், இடையன்சாவடி வழியாக நம்மை ஒட்டித்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயும் சடையங்குப்பம் பக்கமாக வந்து அதே ஆற்றில்தான் கலக்கிறது. மேலே மதகு, கீழே நாம்.

மதகை எத்தனை அடி தூக்குவது என்பது பொறியியல் கணக்கு. அதை மக்களுக்கு எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது எந்தக் கணக்கு? அங்கே பொறியியல் முடிந்துவிடுகிறது. மனிதனைப் பற்றி அந்த அதிகாரியின் மனத்தில் என்ன கொள்கை இருக்கிறதோ அதுதான் அங்கே ஆட்சி செய்கிறது. "முழு விவரத்தையும் சொன்னால் ஜனங்கள் பீதியடைந்து ஓடுவார்கள், நெரிசலில் சாவார்கள், கடைகளைச் சூறையாடுவார்கள்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம்மவர்களில் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது இந்தக் கொள்கை? யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

லீ பான் போட்ட விதை

1895இல் பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லீ பான் 'கூட்டங்களின் உளவியல்' என்ற நூலை எழுதினார். தனியே இருக்கும்போது நிதானமாக இருப்பவனும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் அறிவை இழந்து பல படிகள் கீழே இறங்கிவிடுகிறான் என்பது அவருடைய வாதம். 1871இல் பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் ஆட்சியைக் கைப்பற்றியதைக் கண்ணால் பார்த்து அஞ்சியவர் அவர். அந்த அச்சத்தைத்தான் விஞ்ஞானம் என்று எழுதிவைத்தார். முசோலினி அதை விரும்பிப் படித்தார் என்றால் அந்த நூல் யாருக்குப் பயன்பட்டது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் "மேல்நாட்டு அறிஞர் லீ பானே அரபு நாகரிகத்தைப் போற்றியிருக்கிறார்" என்று முழங்குகிறோமே, அதே லீ பான்தான் இவர்! 1884இல் அரபு நாகரிகம் பற்றி எழுதியதற்காக அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டோம். பதினொரு ஆண்டுகள் கழித்து அவர் நம்மைப் போன்ற எளிய மக்களைப் பற்றி என்ன எழுதினார் என்று புரட்டிப் பார்க்கவில்லை.

லீ பான் எழுதியதற்கு மாறாக, களத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. 1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. அந்த ஊரில் பணியாற்றிய சாமுவேல் பிரின்ஸ் என்ற பாதிரியார், பேரிடரில் ஒரு சமூகம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து 1920இல் நூலாக வெளியிட்டார். பேரிடர் பற்றிய முதல் சமூகவியல் ஆய்வுகளில் ஒன்று அது. மார்க்கப் பணி செய்பவருக்குச் சமூகவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாதிரியாரைச் சுட்டிக்காட்ட எனக்குத் தயக்கமில்லை.

பிறகு 1963இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குவாரண்டெல்லி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி என்று எங்கே நடந்தாலும் ஆட்களை அனுப்பினார்கள். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: பேரிடரில் மக்கள் அறிவிழந்து ஓடுவது மிகவும் அரிது. முதலில் தம் குடும்பத்தைத் தேடுகிறார்கள். அடுத்து அக்கம்பக்கத்தைப் பார்க்கிறார்கள். அரசு வண்டி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்தான் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார். ஆபத்தைக் கண்டு விலகி ஓடுவதற்குப் பெயர் பீதி கிடையாது, புத்தி. உண்மையான பீதி, தப்பும் வழி ஒன்று இருந்து அது கண் முன்னே அடைபடும்போதும், என்ன நடக்கிறது என்று தெரியாமல் தனித்து விடப்படும்போதும்தான் வருகிறது என்றார் குவாரண்டெல்லி. அதாவது செய்தியை மறைத்தால் பீதி வளரும்!

இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்து மூச்சு முட்டி மக்கள் விழித்தார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மறுநாள் செய்திகளில் "பீதியில் ஓட்டம்" என்ற சொல் அடிபட்டது. விஷவாயு வரும்போது உட்கார்ந்திருந்தால்தான் நிதானம் என்பார்களா? குழந்தையை விட்டுவிடாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடியவனைப் பீதியடைந்தவன் என்று எழுத எப்படி மனம் வந்தது?

போபாலை மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையில் வாயு கசிந்தபோது வெளியே உள்ள மக்களுக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து உடனே நிறுத்தப்பட்டது. சிறு கசிவுகளுக்கெல்லாம் சுற்றுப்புற மக்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்பது அந்த ஆலை வைத்திருந்த நடைமுறை. மக்களைப் பற்றிய ஒரு தவறான கொள்கை சங்கை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே மூச்சை இழந்தார்கள். ஆலைகளுக்கு நடுவில் குடியிருக்கும் மணலிக்காரர்களுக்கு இதைவிட விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் பீதி அடைவது யார்? லீ கிளார்க், கேரன் செஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இதற்கு விடை எழுதினார்கள். மேலே இருப்பவர்கள்தான்! மக்கள் பீதியடைந்துவிடுவார்களோ என்று இவர்கள் பீதியடைகிறார்கள். 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. "கறுப்பர்கள் கொள்ளையடிக்கிறார்கள், கொலை செய்கிறார்கள்" என்று செய்திகள் பறந்தன. புயல் அடித்த மூன்றாம் நாள், தேடி மீட்கும் வேலையிலிருந்த காவலர்களைக் கொள்ளைத் தடுப்புக்குத் திருப்பினார் அந்நகர மேயர். கூரைகளில் மக்கள் காத்துக்கிடந்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத மக்களைக் காவலர்களே சுட்டார்கள், இருவர் இறந்தார்கள். பரவிய கொலைக் கதைகளில் பெரும்பாலானவை பொய் என்று பின்னர் தெரிந்தது. ஒரு சமுதாயத்தைப் பற்றி முன்பே கட்டி வைத்திருக்கும் கதை, ஆபத்து நேரத்தில் துப்பாக்கியாக மாறுகிறது. இது எப்படிப்பட்டது என்று இந்தியாவில் வாழும் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சென்னையில் 2015இல் நடந்தது என்ன? செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு ஊர்களை விழுங்கியதே, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று 2018இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சொன்னது. சூறையாடல் நடந்ததா? மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவைத் திறந்தன. முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களில் சேறு அள்ளினார்கள். ஒஹையோவில் எழுதிவைத்தது ஒவ்வொன்றும் நம் கண் முன்னே நடந்தது.

இன்னொரு கொள்கையும் உண்டு. "வடசென்னைக்காரர்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள்" என்பது. 1959இல் மெக்சிகோவின் ஏழைக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆஸ்கர் லூயிஸ் 'வறுமையின் பண்பாடு' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். அவருக்கு ஏழைகள் மீது அனுதாபம் இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள், ஏழையின் நிலைக்கு ஏழையின் குணமே காரணம் என்று திருப்பிவிட்டார்கள். 2023 வெள்ளத்தில் மணலி சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது, மீனவர்கள் படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்களே, அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பழக்கமா?

பால் பாக்கெட்டின் விலை

இதுவரை படித்துவிட்டுத் தலையாட்டிய வியாபாரப் பெருமக்களே, இனி உங்களிடம் வருகிறேன். 2015இலும் 2023இலும் சென்னையில் அரை லிட்டர் பால் என்ன விலைக்குப் போனது? சில இடங்களில் நூறு ரூபாய் வரை! விற்றவர்களில் நம்மவர்கள் யாரும் இல்லை என்று எவராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

ஐரோப்பாவில் சமூகவியல் என்ற சொல் பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1377இல் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வை எழுதினார். மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பெயர் தெரியும். எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம் என்பது வேறு. தனி மனிதனால் தன் ஒருநாள் உணவைக்கூடத் தானே உண்டாக்க முடியாது என்று தொடங்குகிறார். கோதுமை வேண்டும், அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும். எனவே ஒத்துழைப்பு மனிதனின் அலங்காரம் அல்ல, அவன் உயிர்வாழும் வழி. அவர் மனிதனை மலக்காகவும் ஆக்கவில்லை. அவனுக்குள் அத்துமீறும் குணம் உண்டு, கட்டுப்படுத்த ஓர் அதிகாரம் தேவை என்றும் எழுதினார்.

வணிகர்களின் குணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம் கடைக்காரர்களுக்கு ருசிக்காது. ஆனால் பதுக்கல் பற்றி அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். மற்ற பொருளை மனிதன் விரும்பி வாங்குகிறான். கொடுத்த காசை மறந்துவிடுகிறான். உணவை வேறு வழியின்றி வாங்குகிறான். கொடுத்த காசோடு அவன் மனம் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது. அப்படி ஒட்டிக்கிடக்கும் மனங்கள் எல்லாம் சேர்ந்து பதுக்கியவனின் லாபத்தைக் கெடுத்துவிடுகின்றன என்கிறார். இதை மார்க்கத் தீர்ப்பாக அவர் சொல்லவில்லை. அதற்கு ஃபிக்ஹு நூல்கள் இருக்கின்றன. சந்தையில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்று கவனித்துச் சொல்கிறார். வெள்ளத்தில் நூறு ரூபாய்க்குப் பால் விற்ற கடையை அந்தத் தெரு இன்றும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அதே நாளில் பழைய விலைக்குக் கடன் சொல்லிக் கொடுத்த கடையையும் காட்டுகிறது. எந்தக் கடையில் இன்று கூட்டம் என்று போய்ப் பாருங்கள்.

பத்தாம் நாள்

முதல் நாளின் ஒற்றுமையைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. தண்ணீர் வடியும்போது அதுவும் வடிகிறது. 2004 சுனாமியில் உடனடியாக ஓடிவந்து உதவியவர்கள் உண்டு. சில வாரங்களிலேயே நிவாரண முகாம்களில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்ட செய்திகளும் வந்தன. 2015இல் பிறர் கொண்டுவந்த பொட்டலங்கள் மீது முதலமைச்சரின் படம் ஒட்டிய கொடுமையை நாடே பார்த்தது. நம் அமைப்புகள் மட்டும் என்ன? ஒரே தெருவில் மூன்று பேனர்கள், மூன்று போட்டோ, மூன்று பிரியாணி அண்டா. பின் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நாம் யாரும் கலந்து பேசுவதில்லை.

ஒன்றுபட்ட உணர்வை இப்னு கல்தூன் 'அஸபிய்யா' என்றார். அது தானாக நிலைத்திருக்காது, வசதி வந்தால் தேய்ந்துவிடும் என்பதே அவருடைய ஆராய்ச்சியின் உயிர்நாடி. 1384இல் அலெக்சாந்திரியா அருகே கப்பல் மூழ்கித் தம் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். நெருக்கடியில் மட்டும் தலைகாட்டும் ஒற்றுமையை நம்பி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

எனவே இளைஞர்களே, அடுத்த ஐப்பசிக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம் மஹல்லாவில் மட்டும் இல்லாமல், சாதி மதம் பாராமல் ஒவ்வொரு தெருவிலும் படுக்கையில் கிடக்கும் முதியவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், மாடி வீடு எது, எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சமூகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனை, அல்லது அவளை, தலைமை ஏற்கச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு மண்டல அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் போய் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: பூண்டியில் எத்தனை கன அடி திறந்தால், எத்தனை மணி நேரத்தில், மணலி புதுநகரின் எந்தத் தெருவில், எவ்வளவு தண்ணீர் வரும்? "சொன்னால் மக்கள் பீதியடைவார்கள்" என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.