கட்டின காசும் சாயங்கால கங்காருவும்

கேரவன் என்றதும் நம்மூர் ஆட்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அது குடும்பச் சொத்து மாதிரி. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். லீவு விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவுட்பேக் பக்கம் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்கே எத்தனையோ அப்பா அம்மாக்களின் கனவு.

நல்ல கனவுதான். ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் கணக்குதான் பெரும்பாலும் தப்பு. பெட்ரோல் கணக்கைச் சொல்லவில்லை. நாள் கணக்கு!

அடிலெய்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவுட்பேக் போக நல்ல காலம் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பள்ளிக்கூடத்தின் பெரிய லீவோ சரியாக அந்த டிசம்பர், ஜனவரியில்தான். குளிர்காலமான ஜூலையில் கிடைப்பது இரண்டே வாரம். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்தால் 16 நாள்.

இந்த 16 நாளில் டார்வின் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று ஆசை. போக சுமார் 3,000 கிலோமீட்டர், வர 3,000. வழியில் உலுரு பாறையைப் பார்க்காமல் வர முடியுமா? ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி உள்ளே சுமார் 250 கி.மீ. போக வேண்டும். ஆக, மொத்தம் 6,500. நடுவில் நான்கு நாளாவது ஓரிடத்தில் தங்கினால் ஓட்டுவதற்கு மிச்சம் 12 நாள். ஒரு நாளைக்கு 540 கி.மீ.! கேரவனை இழுத்துக்கொண்டு மணிக்கு 90-ல் போனாலும் தினமும் ஆறு மணி நேரம். பெட்ரோல் போடுவது, சாப்பாடு, சின்னவன் "அவசரம்" என்று நிறுத்தச் சொல்வது எல்லாம் தனி.

"அதனால என்ன, ஓட்டிடலாமே" என்பீர்கள். பிரச்சினை காலையில் வராது, சாயங்காலம்தான் வரும்.

மணி ஐந்து. அன்றைக்குத் தங்க வேண்டிய கேரவன் பார்க் இன்னும் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது. சூரியன் இறங்குகிறது. கங்காருக்கள் ரோட்டுக்கு வரும் நேரம் அதுதான். பல இடங்களில் வேலி கிடையாது என்பதால் மாடுகளும் வரும். எதிரே 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும் ரோடு ட்ரெயின் லாரிகள். திடீரென்று ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தால், பின்னால் இரண்டு டன் கேரவன் இருக்கும்போது சட்டென ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாது. ஒடித்தால் வண்டியே கவிழலாம். வாடகைக்கு வண்டி விடும் பல நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை.

அந்த நேரத்தில் அந்த அப்பாவை மேலே ஓட்ட வைப்பது எது? கட்டின காசு! காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், இதற்குப் பெயர் சங்க் காஸ்ட். போன காசு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்விக்கு எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். மணி ஐந்துக்கு, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கும்போது எழுதுகிற விடைதான் முக்கியம். ஒரு ராத்திரி வாடகை போனால் போகட்டும் என்று பக்கத்து ரெஸ்ட் ஏரியாவில் வண்டியை ஓரம் கட்டுவதுதான் சரியான விடை.

அவுட்பேக் தப்புக் கணக்கை மன்னிக்காது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1963 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பேர்ட்ஸ்வில் தடத்தில் காரில் போனது. வழி தவறி, காரை விட்டு இறங்கி நடந்தார்கள். ஐந்து பேருமே பிழைக்கவில்லை. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டுப் போகாதே என்று இன்றும் அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தேடி வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வண்டிதான், ஆள் இல்லை.

இன்று நிலைமை வேறு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்க 1987-லேயே தார் ரோடாகிவிட்டது. 1928-ல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் ரோட்டிலேயே இறங்கும் இடங்கள் கூட உண்டு. ஆனாலும் கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே சுமார் 250 கி.மீ.க்கு ஊரே கிடையாது. ரோடு நன்றாக இருப்பதே இப்போது ஆபத்து. நேரான ரோடு, மாறாத காட்சி, சொக்கும் கண். அன்று தாகம், இன்று களைப்பும் அவசரமும்.

சரி, என்னதான் செய்வது? தூரத்தைப் பாதியாக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதே குடும்பம் உலுருவோடு திரும்பினால் போக வர சுமார் 3,200 கி.மீ. ஆறு நாள் தங்கினாலும் ஓட்டும் நாளுக்கு 320 கி.மீ.தான். நாலு மணி நேரம் கூட ஆகாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊர் வந்துவிடும். சாயங்கால கங்காருவைத் தூரத்தில் இருந்து ரசிக்கலாம் :) 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்று வைத்தால், 1,170 லிட்டர் எரிபொருள் 576 ஆகிறது. பர்ஸும் தப்பித்தது.

"அவ்வளவு தூரம் போயிட்டு டார்வின் பார்க்காம வர்றதா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு மாசக்கணக்கில் சுற்றும் தாத்தா பாட்டிகள் போகட்டும், அவர்களிடம் நேரம் இருக்கிறது. ஒரு வருடம் வேலையை விட்டு நாட்டையே சுற்றும் குடும்பங்களும் போகட்டும். அவர்கள் போன வழியை மட்டும் காப்பியடித்து, அவர்களுடைய நேரத்தைக் காப்பியடிக்க முடியாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் மரியாதை விஷயமும் ஒன்று இருக்கிறது. உலுருவின் உரிமையாளர்களான அனங்கு மக்கள், ஏற வேண்டாம் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை என்று அறிவிப்பு வந்ததும், கடைசி நாட்களில் பாறை மேல் எறும்பு வரிசை மாதிரி கூட்டம். "அதையும் பார்த்தாச்சு, இதையும் ஏறியாச்சு" என்று டிக் அடிக்கும் அவசரம் அது. பாறைக்குக் கீழே இரண்டு நாள் நிதானமாக நடக்கும் பிள்ளைக்கு, அது யாருடைய வீடு என்று கேட்கத் தோன்றும். ஜன்னல் வழியே 6,500 கி.மீ. பார்க்கும் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு தூரம்?"

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பாலைவனத்தில் ஓட்டினாலும் அப்படித்தான். டார்வின் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும். அடுத்த லீவுக்கு நாலு பேரும் இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.