பத்தடி இமயமலை!

தாராபுரத்துக்குப் பக்கத்தில் பனிமலையும் ஏரியும் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்க ஊர்க்காரர்கள் காஷ்மீர், சிம்லா என்று யோசிக்க மாட்டார்கள். 'பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்து, மாடிப்படி ஏறினா வலது கைப் பக்கம்' என்று பளிச்சென்று சொல்வார்கள். (அதாவது, சொன்னார்கள். 2011 வரைக்கும்!)

அங்கேதான் எங்கப்பாவின் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. சுவரில் பத்தடிக்கு எட்டடி காடாத்துணி. அதில் வெள்ளை வெளேரென்று மூன்று சிகரம், கீழே நீல ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். வரைந்த பெயிண்ட்டர் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். கைப்பழக்கம் விடவில்லை போலிருக்கிறது... பனிமலை அடிவாரத்தில் ஒரு தென்னை மரத்தையும் நட்டுவிட்டார்!

எங்க ஊர் கல்யாண ஜோடிகளில் பாதிப் பேர் அந்தத் தென்னை மரத்து இமயமலையில் நின்றவர்கள்தான். வெளியே சித்திரை வெயில். உள்ளே ரெண்டு ஆயிரம் வாட் விளக்கு. மாப்பிள்ளையின் கோட்டுக்குள் அமராவதி ஆறே ஓடும். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "கொஞ்சம் குளுர்ற மாதிரி நில்லுங்க மாப்ள" என்பார்.

அப்பா, அம்மா கல்யாணப் படமும் அங்கே எடுத்ததுதான். "தெனமும் இந்தத் துணியத்தான் பாக்கறேன். ஒருக்கா நெசத்துல கூட்டிட்டுப் போறதுங்களா?" என்று அம்மா கேட்பார். "முகூர்த்த சீசன் முடியட்டும் அம்மிணி" என்பார் அப்பா. சீசன் முடியவே இல்லை. 2021-ல் அம்மா போய்விட்டார்.

போன வருஷம் என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாரு, நீங்க இங்கெல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். முப்பது வருஷம் ஊருக்கே பனி காட்டிய மனிதர், "இல்லீங் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கூட்டிப் போவது என்று முடிவு கட்டினேன்.

அடியேன் பி.காம்! எதையும் இரண்டு பத்தி போட்டுத்தான் பார்ப்பேன். காஷ்மீர் தால் ஏரிக்கு மூன்று பேர்: விமானம், தங்கும் இடம், ஸ்வெட்டர், குளிரில் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் டாக்டர். செலவுப் பத்தி பக்கம் தாண்டி ஓடியது. வரவுப் பத்தியில் இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு வரும் சன்மானம் மட்டும் தனியாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பேலன்ஸ் டேலி ஆன ஒரே ஊர் ஊட்டி.

"ஊட்டில ஏதுடா பனி? மூடுபனிதானே?" என்றார் அப்பா.

தமிழில் ஒரு வசதி. மார்கழி மாசம் பால்காரர் தலையில் துண்டு கட்டுவதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. ஊட்டியில் இமயமலை மாதிரி வானத்திலிருந்து கொட்டாது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்குத் தாரை வார்த்துவிடும். புல்லின் மேல் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகக்கூட மாறாமல் நேரே ஐஸாகப் படியும்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு, 'உசரம் அதிகமானால் பனியும் அதிகம்' என்று தொட்டபெட்டா உச்சிக்கு ஓடுவது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரி முழுக்க வழிந்து பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். ஆகவே, தேட வேண்டியது புல்வெளிப் பள்ளம், ஏரிக்கரை, அணைக்கரை. தலைகுந்தா, காந்தல், காமராஜர் சாகர் அணைப் பக்கமெல்லாம் வெள்ளையாவது இதனால்தான். 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சலிவன் உண்டாக்கிய ஊட்டி ஏரி இருக்கிறதே என்பீர்கள். அங்கே படகுக்கு நிற்கிறவர்கள் தலைதான் தெரியும்.

பஸ்ஸில் அப்பாவுக்குப் பொழுது போக சாமுவேல் போர்ன் கதையைச் சொன்னேன். 1863-ல் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்துக்காரர். 1866-ல் இமயமலையில் மணிருங் கணவாயில், 18,600 அடி உயரத்தில் படம் எடுத்தார். அப்போது ஃபிலிமே கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறைக்குக் கூடாரம், கண்ணாடி, மருந்து என்று மூட்டை தூக்கவே டஜன் கணக்கில் கூலியாட்கள்.

அப்பா பெருமூச்சு விட்டார். "எனக்கு லைட்டுப் புடிக்க ஒரு பையன்கூட ஆறு மாசம் தாண்டி நின்னதில்ல."

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்து காமராஜர் சாகர் போய்ச் சேர்ந்தோம். என் கழுத்தில் வாடகை டிஜிட்டல் காமிரா. அப்பா குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர் சகிதம், ஸ்டுடியோவில் என்றைக்கோ நடித்த குளிரை நிஜமாகவே அனுபவித்துக்கொண்டிருந்தார்.

வெளுத்தது. அடேயப்பா! கரை முழுக்க உப்பளம் மாதிரி வெள்ளை. தண்ணீரிலிருந்து ஆவி கிளம்புகிறது, யாரோ அடியில் அடுப்பு மூட்டின மாதிரி. நான் படபடவென்று பத்துப் படம் தட்டினேன். திரையில் பார்த்தால் பனியைக் காணோம். சாம்பல்! ஏரிக்கரையில் யாரோ விறகு எரித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஒன்றரை ஸ்டாப் கூட்டு."

"எப்படீங்ப்பா? நீங்கதான் பனியே பார்த்ததில்லையே?"

"பனியப் பாக்கல. வெள்ளை வேட்டி மாப்பிள்ளைய ஆயிரம் பேரப் பாத்திருக்கறேன். மிசினு வெள்ளைய நம்பாதுடா. எதப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல்னு நெனச்சு வெளிச்சத்தக் கொறைக்கும். நாமதான் கூட்டோணும்."

கூட்டினேன். பனி பனியாகவே வந்தது! வந்த சந்தோஷத்தில் காமிரா அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும் என்று படித்திருந்தேன். படித்தது பரீட்சைக்கு! உபரி பேட்டரி பையில் கிடந்து ஐஸாகியிருக்கும் என்று தேடினால், அங்கே இல்லை. அப்பா ராத்திரியே எடுத்துத் தன் உள்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வெதுவெதுப்பாக எடுத்துக் கொடுத்தார்.

சூரியன் மலைக்கு மேலே வந்தது. அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெறும் ஈரப் புல்.

டீக்கடையில் அந்தம்மா கேட்டார், "படம் நல்லா வந்துச்சுங்களா? எங்களுக்கு நாலு பாத்தி தேயிலை கருகிப்போச்சு." தழை போட்டு மூடியும் தாங்கவில்லையாம். காய்கறித் தோட்டக்காரர்கள் விடியற்காலையிலேயே எழுந்து செடிமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவார்களாம். 'இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தால் தேவலை' என்று காலையில் வேண்டிக்கொண்டவன் நான். மரியாதையாக டீயைக் குடித்தேன்.

திரும்பும்போது இந்து நகரில் அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்த இடம். 1960-ல் மத்திய அரசு தொடங்கியது. 1967-லிருந்து ஃபிலிம் வந்தது. 'இந்து' என்கிற பெயரில் அந்த பிளாக் அண்ட் ஒயிட் ஃபிலிம், ஊர் ஊருக்கு ஸ்டுடியோக்களுக்குப் போனது. பிறகு கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, ஆலை நொடித்து மூடியாகிவிட்டது.

அப்பா இறங்கி ரோட்டோரம் நின்று பார்த்தார். "எங்க கல்யாணப் படம் இந்த ஃபிலிம்லதான் எடுத்தது. ஃபிலிமு இந்தப் பனிக்குள்ள இருந்துதான் வந்திருக்குது. எங்களுக்குத்தான் வரத் தோணல." அப்புறம் ஊர் வந்து சேரும் வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஏரிக்கரையில் நிற்கச் சொன்னபோது அப்பா நடுவில் நிற்கவில்லை. ஜோடிகளை நிறுத்துகிற மாதிரி இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றிருக்கிறார். வேணும்னு செய்தாரா, பழக்கமா? நான் கேட்கவில்லை.

ஓரத்தை வெட்டாமல் அப்படியே பிரிண்ட் போட்டு, பழைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். போன வாரம் வந்த பெரிய மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இந்த ரெண்டாவது எந்த ஸ்டுடியோவுங்க? சாயம் சரியில்லையே. நம்முதுதானுங்க நெசமாட்ட இருக்குது!"

"ஆமாங் மச்சா" என்றார் அப்பா, முகம் கொள்ளாத சிரிப்போடு. "தென்ன மரத்தையும் காணோம் பாருங்க!"