மதகடியில் கிடக்கும் மின்சாரம்

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீர், மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. இது பலரும் அறிந்தது. அதற்குப் பிறகு அதே தண்ணீர் செய்யும் வேலை அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அது ஓடும் வழியில் நான்கு சிறு மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை முதல் நான்கு மெகாவாட் திறன் கொண்டது. அடுத்து வைகை அணையின் கீழே இன்னொரு 6 மெகாவாட். இப்படி ஆறு இடங்களில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் அந்தத் தண்ணீர் மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. விழும் வேகத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பாசனத்துக்கு ஒரு சொட்டும் குறைவதில்லை.

இந்த ஏற்பாடு ஏன் தேனி மாவட்டத்தைப் போன்ற சில இடங்களோடு நின்றுவிட்டது? பவானிசாகர், அமராவதி, சாத்தனூர், ஆழியாறு, திருமூர்த்தி அணைகளிலும் சிறு நிலையங்கள் உண்டு. ஆனாலும் மொத்தக் கணக்கு ஏமாற்றம் தருகிறது. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், 25 மெகாவாட் வரையிலான திட்டங்களைச் சிறு நீர்மின் திட்டங்கள் என்று வகைப்படுத்துகிறது. அதன் பட்டியலில் தமிழகத்துக்கு 191 இடங்கள், சுமார் 604 மெகாவாட் வாய்ப்பு இருக்கிறது. நிறுவப்பட்டிருப்பதோ சுமார் 123 மெகாவாட். ஐந்தில் ஒரு பங்குதான். பக்கத்திலிருக்கும் கர்நாடகம் 1,200 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

கர்நாடகத்தின் எண்ணிக்கையைத் துரத்தச் சொல்லவில்லை. அங்கே நடந்ததில் நாம் தவிர்க்க வேண்டியதும் நிறைய உண்டு. தமிழகம் செய்ய வேண்டியது, ஏற்கெனவே அணை கட்டி, மதகு வைத்து, கால்வாய் வெட்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் இடங்களில் மின்சாரம் எடுப்பது. அந்த இடங்கள் அத்தனையும் தீரும்வரை, மலையோடைகளில் புதிதாக ஒரு தடுப்புச் சுவர்கூட எழும்பக் கூடாது.

இந்த மின்சாரத்தின் கணக்கு எளிது. விநாடிக்கு 350 கன அடி தண்ணீர் ஓடும் கால்வாய் ஒன்று, ஓரிடத்தில் மூன்று மீட்டர் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு போனாலும், சுமார் 230 கிலோவாட் கிடைக்கும். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டுகள் ஐம்பதை ஒரே நேரத்தில் ஓட்டப் போதுமானது. இன்று அந்த வேகமெல்லாம் கால்வாயின் கான்கிரீட் தளத்தில் மோதி நுரையாகிப் போகிறது. குறைந்த உயரத்தில் விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழில்நுட்பமும் நமக்குப் புதிதல்ல. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று காவிரியில் வரிசையாக நிற்கும் கதவணைகளில் தலா 30 மெகாவாட் மின் உற்பத்தி நடக்கிறது. அளவில் அவை ‘சிறு’ வகைக்குள் வராதவை. ஆனால் அவற்றை இயக்கிப் பழகிய பொறியாளர்களும் பணியாளர்களும் நம்மிடம் இருக்கிறார்கள்.

மாநிலத்தின் உச்சபட்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட காலத்தில், மிச்சமிருக்கும் 480 மெகாவாட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் அளவில் இல்லை, காலத்திலும் இடத்திலும் இருக்கிறது. தமிழகக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கொடிகட்டிப் பறக்கும், அதன்பின் ஓய்ந்துவிடும். சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் பகலிலும் குறையும். மேட்டூர் அணையோ வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறந்திருக்கும். காற்று ஓய்ந்த மாதங்களிலும், விளக்கு வைத்த பிறகும் கால்வாயில் தண்ணீர் ஓடும். மழை வலுத்தால் திறப்பைக் குறைப்பார்கள், கோடையில் கால்வாய் காய்ந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஓடும் நாளில் இரவு பகல் பாராமல் மின்சாரம் வரும். அதுவும் துணை மின் நிலையத்திலிருந்து வெகு தொலைவில், லோ வோல்டேஜில் மோட்டார் சுருள் கருகும் கிராமங்களின் பக்கத்திலேயே உற்பத்தியாகும். அங்குள்ள விவசாயிக்கு அந்த 230 கிலோவாட் சின்ன விஷயம் அல்ல.

சிறியது என்பதாலேயே தீங்கற்றது என்று நினைப்பது ஆபத்து. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 25 மெகாவாட்டுக்குக் குறைவான நீர்மின் திட்டங்களுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. இந்த விலக்கு, ஒரே ஆற்றில் அடுத்தடுத்துத் தடுப்புகள் எழ வழி திறந்துவிட்டது. ஓடையை மறித்து, தண்ணீரைக் குழாயில் திருப்பி, சில கிலோமீட்டர் கீழே மீண்டும் விடும்போது, இடைப்பட்ட ஆறு வெறும் பாறையாகிவிடுகிறது. கர்நாடகத்தின் நேத்ராவதி ஆற்றின் கிளையாறுகளில் ஆய்வு செய்தவர்கள், இப்படிக் காய்ந்த பகுதிகளில் மீன் வகைகள் குறைந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். யானைகள் நடமாடும் காட்டுக்குள் சாலையும் மின்கம்பிகளும் நுழைவது தனிக் கேடு. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதே கதை நடக்க விடக் கூடாது. திட்டங்களைத் தனித்தனியே பார்க்காமல், ஓர் ஆற்றில் வரவிருக்கும் எல்லாவற்றின் பாதிப்பையும் சேர்த்து மதிப்பிடுவதை மாநில அரசே சட்டமாக்க வேண்டும்.

சமவெளியில் தடையாக இருப்பது வேறு. மதகு நீர்வளத் துறையுடையது, டர்பைன் மின்துறையுடையது. நிலையத்தின் முன்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் பிளாஸ்டிக் பைகளும் வந்து அடைக்கும். அதை அவ்வப்போது வாரி எடுக்க ஆள் இல்லையென்றால் நீரோட்டம் குறைந்து உற்பத்தி படுத்துவிடும். அந்த ஆளை எந்தத் துறை போடுவது, சம்பளம் யார் கணக்கில் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி முடிவு செய்யாவிட்டால், எவ்வளவு நல்ல இயந்திரமும் துருப்பிடித்துக் கிடக்கும்.

2024இல் தமிழக அரசு சிறு நீர்மின் திட்டங்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, தனியாருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. முதலீடு வரட்டும். ஆனால் தண்ணீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற அதிகாரம் முழுக்க நீர்வளத் துறையிடமே இருக்க வேண்டும். பாசனம் நின்றால் உற்பத்தியும் நிற்கும், அதற்கு இழப்பீடு கேட்க முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். 191 இடங்களில் எவை பழைய அணை, கால்வாய் சார்ந்தவை, எவை மலையோடைகள் என்று பிரித்து, ஒவ்வொன்றின் நீரளவையும் உத்தேசச் செலவையும் காட்டும் பட்டியலை, சட்டப்பேரவையில் எரிசக்தித் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை வருவதற்குள் அரசு வெளியிட வேண்டும்.